விலா எலும்பு தெரியும் நாய்

அன்புள்ள ஐயா,

என்னிடம் 14 மாதச் சிப்பிப்பாறை ஆண் நாய் ஒன்று இருக்கிறது. எடை 20 கிலோ. தினமும் காலையில் நான் சைக்கிளில் போக, கூடவே 5 கிலோமீட்டர் ஓடிவரும். மற்ற நேரமெல்லாம் அடுக்குமாடி வீட்டுக்குள்தான். நாங்கள் சைவம். நாய்க்குப் பால்சோறு, தயிர்சோறு, கொஞ்சம் கடைத்தீனி. நன்றாகச் சாப்பிட்டும் விலா எலும்பு தெரிகிறது. பார்ப்பவர்கள் எல்லாம் “பட்டினி போடுறீங்களா?” என்று கேட்கிறார்கள். கடைக்காரர் சொல்லி, மூன்று மாதக் குட்டியிலிருந்து கால்சியம் டானிக் கொடுத்துவருகிறேன். இப்போது புரதத்தூள், வைட்டமின் சி மாத்திரை, மீன் எண்ணெய், ஓடுவதற்கு முன் குளுக்கோஸ் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். அலாஸ்காவில் பனிவண்டி இழுக்கும் நாய்களுக்கான தீனியும் இணையத்தில் கிடைக்கிறது, வாங்கலாமா? நண்பர் ஒருவரோ, “நம்ம ஊர் நாய்க்குக் கம்மங்கூழ் போதும்” என்கிறார். எது சரி?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

உங்கள் பட்டியலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது “விலா எலும்பு தெரிகிறது” என்ற வரி. சில வாரங்களாக நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அண்மையில் ஒரு நாய்க் கண்காட்சிக்குப் போயிருந்தேன். வரிசையாக நிறுத்தியிருந்த சிப்பிப்பாறைகளில் பலவற்றுக்கு இடுப்பு என்ற ஒன்றே இல்லை. மார்பும் வயிறும் ஒரே மட்டத்தில் இருந்தன. நான்கு எட்டு நடந்ததும் மூச்சு இரைத்தது. ஒன்றின் சொந்தக்காரர் அதன் எடையைப் பெருமையாகச் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த மனிதர் நாயின்மேல் உயிரையே வைத்திருக்கிறார், அது முகத்தில் தெரிந்தது. அந்த அன்புதான் அதை ஓட முடியாத நாயாக ஆக்கியிருக்கிறது.

சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டு வெயிலில் பார்வையால் இரையைப் பிடித்து விரட்டி ஓடுவதற்காகவே வளர்த்தெடுக்கப்பட்ட நாய்கள். ஆழமான மார்பு, மேலேறிய வயிறு, மெல்லிய தோல், ஒட்டிய மயிர். அந்தத் தோலுக்கு அடியில் கொழுப்புப் படலம் அதிகம் கிடையாது. அதனால் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரியத்தான் செய்யும். தெரியாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். கால்நடை மருத்துவர்கள் நாயின் உடல்வாகை 1 முதல் 9 வரை மதிப்பிடுகிறார்கள். 4, 5 நல்ல நிலை. அதற்கு மேலே போகப் போக எல்லாம் கொழுப்பு. லாப்ரடார் நாய்கள் 48 எடுத்து, ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட மற்றதற்கு 25 சதவீதம் குறைவாகத் தீனி போட்டு ஆயுள் முழுக்கப் பார்த்த ஓர் ஆய்வு 2002இல் வெளிவந்தது. குறைவாகத் தின்ற நாய்கள் சராசரியாக ஒன்றேமுக்கால் ஆண்டுக்கு மேல் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் வாய்க்குப் பயந்து நாயின் ஆயுளில் இருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள்.

என் பெரியப்பா கோவில்பட்டிப் பக்கம் சம்சாரி, அதாவது விவசாயி. அவரிடம் ஒரு கன்னி இருந்தது, கறுப்பு, புருவத்தில் மட்டும் செம்புள்ளி. காலையில் எழுந்ததும் அதன் விலாவில் நாலு விரலையும் படுக்கவைத்து ஓர் இழுப்பு இழுப்பார். அன்றைக்கு எவ்வளவு தீனி என்பதை அந்த விரல்கள்தான் முடிவு செய்யும். “மூணு எலும்பு கண்ணுக்குத் தெரியணும்டா. நாலாவதும் தெரிஞ்சா ஆச்சிகிட்டச் சொல்லிக் கசண்டு வாங்கிப் போடு” என்பார். நெய் காய்ச்சிய சட்டியின் அடியில் தங்குகிற கசண்டை ஆச்சி நாய்க்கென்றே வழித்து வைப்பாள். எங்களுக்குக்கூடத் தரமாட்டாள். அது கொழுப்பு என்றோ, ஓடும் நாய்க்கு அது எரிபொருள் என்றோ அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

அலாஸ்கா நாய்களின் கதையும் கொழுப்பின் கதைதான். ஆங்கரேஜிலிருந்து நோம் வரை 1973 முதல் நடக்கும் இடிடராட் பனிவண்டிப் பந்தயத்தின் தூரம் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். உறைபனியில், பாரம் இழுத்துக்கொண்டு, நாள் முழுக்க ஓடும் நாய்க்கு ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கலோரிக்கு மேல் தேவைப்படும். அவ்வளவையும் சோறாகவோ மாவாகவோ கொடுத்தால் அதன் குடலில் இடம் இருக்காது. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, புரதத்திலும் மாவுச்சத்திலும் 4. அதனால்தான் அவற்றின் தீனியில் கொழுப்பு அள்ளிச் சேர்க்கப்படுகிறது. நாயின் தசையும் மனிதத் தசையைவிடக் கொழுப்பை எரிப்பதில் கெட்டி.

இப்போது உங்கள் நாய்க்கு வருவோம். 20 கிலோ எடையுள்ள வீட்டு நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் ஆயிரம் கலோரி போதும். 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்காக அது கூடுதலாகச் செலவழிப்பது ஏறத்தாழ நூறு கலோரி. ஒன்றரை முட்டை! அந்த ஒன்றரை முட்டை வேலைக்கு அலாஸ்கா மூட்டையை வரவழைக்கப் பார்க்கிறீர்கள். சைக்கிள் வேகம் உங்கள் நாய்க்குத் துள்ளுநடை, அதை ஓட்டம் என்றே சொல்ல முடியாது. வேலியிட்ட திடலில் அவிழ்த்துவிட்டு, கயிற்றில் கட்டிய துணியை முன்னால் இழுத்து, நாலைந்து முறை முழு வேகத்தில் பாயவிடுங்கள். தசை அங்கேதான் வளரும். தூளில் இருந்து வளராது.

புரதத்தூளைப் பற்றியும் வைட்டமின் சி பற்றியும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். விற்பவர்கள் சொல்லாத விஷயம் இது. உங்கள் நாய்க்கு உறவு என்று பார்த்தால் பனிவண்டி நாயைவிடப் பந்தய கிரேஹவுண்டுதான் நெருக்கம். இரண்டுமே சிறிது நேரம் வெறித்தனமாகப் பாய்ந்து நிற்பவை. அரை நிமிடத்தில் 500 மீட்டர். அந்த அரை நிமிடத்துக்குப் பெரும்பாலும் எரிவது தசையில் சேர்ந்திருக்கும் சர்க்கரை. ஃபுளோரிடாவில் கிரேஹவுண்டுகளுக்கு மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். நாய்களின் வேகம் குறைந்தது. தினம் ஒரு கிராம் வைட்டமின் சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2002இல் வந்தது. அதிலும் வேகம் குறைந்தது, 500 மீட்டரில் சராசரியாக 0.2 விநாடி, பந்தயத்தில் அது மூன்று மீட்டர். மனிதனுக்கு வைட்டமின் சி வெளியிலிருந்து வர வேண்டும். நாய் தன் ஈரலிலேயே அதைச் செய்துகொள்கிறது. இதே இன நாய்களுக்குத் தீனியைச் சுமார் 15 சதவீதம் குறைத்தபோது என்ன ஆயிற்று தெரியுமா? வேகம் கூடியது. நீங்கள் பணம் கொடுத்து வாங்க நினைக்கும் இரண்டு பொருள்களும் நாயை மெதுவாக்கின. காசில்லாமல் செய்யக்கூடிய ஒன்று அதை வேகமாக்கியது.

குளுக்கோஸ் வேண்டாம். மீன் எண்ணெய் தோலுக்கு நல்லது, அளவு மீறினால் பேதியாகும், அதோடு விடுங்கள்.

கால்சியம் விஷயத்தில்தான் எனக்கு உங்கள்மேல் கோபம். மூன்று மாதக் குட்டிக்கு ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு பதினோரு மாதமாக ஊற்றிவந்திருக்கிறீர்கள். ஒரு மருத்துவரிடம் கேட்கத் தோன்றவில்லையா? வளர்ந்த நாயின் குடல், கால்சியம் மிஞ்சினால் ஓரளவு மறுத்துவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அந்தத் தடுப்பு சரியாக இருக்காது. ஊற்றுவதில் பெரும்பகுதி உள்ளே போய்விடும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளை வைத்து 1980களிலேயே இதைக் காட்டிவிட்டார்கள். அளவுக்கு மீறிய கால்சியத்தால் குருத்தெலும்பு எலும்பாக மாறுவது குழம்பி, கால் வளைந்தது. வெறும் இறைச்சியோ வெறும் சோறோ தின்று கால்சியம் குறைந்தாலும் எலும்பு பாழாகும், அது உண்மை. ஆனால் குட்டிகளுக்கென்று தயாரித்த கடைத்தீனியில் கால்சியம் அளந்துதான் போட்டிருக்கும். அதன் தலையில் டானிக்கையும் ஊற்றுவது பலம் சேர்ப்பதாகாது. டானிக்கை நிறுத்துங்கள். முன்னங்கால்கள் நேராக இருக்கின்றனவா, மணிக்கட்டு வீங்கியிருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். மற்ற எல்லாவற்றையும் தள்ளிப் போட்டாலும் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

உங்கள் நண்பரின் கம்மங்கூழ். இதைச் சொல்பவர்களைக் கண்டாலும் எனக்கு ஆற்றாமைதான். எங்கள் வீட்டுக் கன்னிக்கும் கூழ்தான் ஊற்றினார்கள். புளித்த கூழும் மோரும், கல்தொட்டியில். அந்த நாய் கூழால் மட்டும் வாழவில்லை. அதைக் கட்டிப்போட்டதே கிடையாது. விடிய விடியக் காட்டில் திரியும். வயல் எலி, ஓணான், கிடையில் ஆடு ஈன்றால் நஞ்சுக்கொடி, ஊரில் ஆடு அறுத்த அன்று குடலும் எலும்பும், பெரியப்பா காலத்தில் முயல். (1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்த வேட்டை குற்றம். அது திரும்ப வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.) புரதம், கொழுப்பு, கால்சியம் என்று டப்பாவில் இன்று விற்பதையெல்லாம் அது தானே ஓடித் தேடித் தின்றது. கூழ் வயிற்றை நிரப்பியது, அவ்வளவுதான். இரண்டாவது மாடியில் பூட்டிவைத்த நாய்க்கு எலி எங்கே கிடைக்கும்? அங்கே கூழை மட்டும் ஊற்றினால் அதற்குப் பாரம்பரியம் என்று பெயர் இல்லை, பட்டினி என்று பெயர்.

அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்றும் யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். ஓர் ஈற்றில் பிறந்த குட்டிகளில் பிழைத்தவை கொஞ்சம். பூச்சி, உண்ணி, வெறி, பேர் தெரியாத காய்ச்சல். மழை பொய்த்த ஒரு வருஷம் எங்கள் கன்னியின் விலா எலும்புகள் மொத்தமும் தெரிந்தன, முதுகெலும்பு கணு கணுவாகத் துருத்தியது. ஆச்சியிடம் கசண்டு கேட்கப் பெரியப்பா என்னை அனுப்பவில்லை. நெய் காய்ச்ச வீட்டில் பால் இல்லை. விரலை வைத்துப் பார்ப்பதையும் அவர் அந்த வருஷம் நிறுத்திவிட்டார். மெலிவு வேறு, பசி வேறு என்று எனக்கு அப்போதிருந்து தெரியும். அதனால்தான் எலும்பைக் கண்டு பதறுகிற உங்கள்மேல் எனக்குப் பிரியமும் இருக்கிறது. பதற வேண்டிய இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இடுப்பெலும்பின் முனை கூர்மையாகத் துருத்துகிறதா, தொடைச் சதை வற்றுகிறதா, முன்பு ஓடிய தூரம் ஓட மறுக்கிறதா என்று பாருங்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் ரத்தசோகை. நம் ஊரில் அதற்குப் பெரும்பாலும் காரணம் கொக்கிப்புழு அல்லது உண்ணி கொண்டுவரும் காய்ச்சல். எந்தத் தூளும் அதைத் தீர்க்காது. மலத்தை ஒரு டப்பாவில் எடுத்துப்போய்ச் சோதிக்கச் சொல்லுங்கள். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி தேடுங்கள். வாங்க நினைத்த தூளுக்கு ஆகும் காசில் இதெல்லாம் அடங்கிவிடும்.

உங்கள் சைவத்தில் நான் தலையிடவில்லை. பால்சோறு மட்டும் வேண்டாம், வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. நல்ல உலர் தீனியை முதன்மையாக வைத்து, தயிர்சோற்றைக் கால் பங்காகக் குறையுங்கள். மனம் ஒப்பினால் தினம் இரண்டு முட்டை அவித்துப் போடுங்கள், பச்சையாக வேண்டாம். அந்த அளவுக்கு மற்றதைக் குறைத்துவிடுங்கள். ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டு வேளையாகப் பிரியுங்கள். மார்பு ஆழமான நாய்களுக்கு வயிறு காற்றடைத்து முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. மணிக்கணக்கில் உயிர் போய்விடும். வயிறு உப்பி, வாந்தி வராமல் வெறுமனே ஓங்கரித்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், நடுச்சாமமானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஓடிவந்து இரைப்பு அடங்கும்வரை பெரியப்பா தீனித் தொட்டியைக் கவிழ்த்தே வைத்திருப்பார், தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுவார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வைகாசி வரை வெயில் ஏறுமுன் ஓட்டத்தை முடித்துவிடுங்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்துச் சூடு தணியாது, நாக்கை நீட்டி இரைத்துத்தான் தணிய வேண்டும்.

மருத்துவர் கால்களைப் பார்த்து என்ன சொன்னார் என்று எழுதுங்கள். மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவையுங்கள், இரண்டு மாதத்துக்குள் ஒரு கிலோவுக்கு மேல் இறங்கினால் மறுபடியும் மருத்துவரிடம் போங்கள். “பட்டினி போடுறீங்களா?” என்று இனி யாராவது கேட்டால், அவரையும் ஒருநாள் காலையில் அந்தத் திடலுக்குக் கூட்டிப்போய் நாயை அவிழ்த்துவிட்டுக் காட்டுங்கள்.

அன்புடன்.