நகம் பதியற ஈயம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (டல்லாஸ் வாசகர்): அண்ணா, 1873 மாடல் ஸ்பிரிங்ஃபீல்ட் ட்ராப்டோர் ரைஃபிள் ஒண்ணு ஏலத்துல எடுத்தேன், 45-70 தோட்டா போடறது. கன்ஸ்மித் பார்த்துட்டு சுடலாம்னு சொல்லிட்டார். புல்லட்டை நானே வார்க்கணும்னு ஆசை. பழைய அச்சகத்து லைனோடைப் ஈயம் 20 பவுண்ட் ஒருத்தர் தரேங்கறார். கெட்டியான ஈயம்தானே நல்லது?

பதில்: இல்ல தம்பி, அந்த ரைஃபிளுக்கு அது வேண்டவே வேண்டாம். லைனோடைப்ல ஈயம் 84 பங்கு, ஆண்டிமனி 12, வெள்ளீயம் 4. அச்செழுத்து தேயாம இருக்கணும்னு செஞ்ச கலவை அது, கடினத்துல சுத்த ஈயத்தைவிட நாலு மடங்கு வரும். கருமருந்து (அந்தக் காலத்துத் துப்பாக்கி மருந்து) வெடிக்கும்போது புல்லட்டோட பின்பக்கம் ஓங்கி ஒரு அடி வாங்குது, அந்த அடியில மெத்துன்னு இருக்கற ஈயம் கொஞ்சம் குறுகி, பக்கவாட்டுல பருத்து, பேரல் புரியில (உள்சுவர்ல சுத்திச் சுத்திப் போற பள்ளம்) போய் நல்லா அடைச்சுக்கும், இந்த மாதிரி பழைய ரைஃபிளெல்லாம் இத நம்பித்தான் செஞ்சிருக்காங்க. கெட்டி புல்லட் பருக்காது. சந்துல புகுந்த சூடான வாயு புல்லட்டோட ஓரத்தை உருக்கி பேரல் முழுக்க ஈயத்தைப் பூசிடும்.

நானும் ஆரம்பத்துல இதையேதான் செஞ்சேன். 50 கஜத்துல வச்ச காகித இலக்குல வட்ட ஓட்டைக்குப் பதிலா சாவித் துவாரம் மாதிரி நீள ஓட்டை, அதாவது புல்லட் பக்கவாட்டுல உருண்டு போயிருக்கு. அன்னிக்கு ராத்திரி பிரஷ் போட்டுத் தேய்க்கத் தேய்க்க பேரல்லேர்ந்து வெள்ளி ஜரிகை மாதிரி சுருள் சுருளா ஈயம் வந்துக்கிட்டே இருந்தது, நூத்து சொச்சம் வருஷம் நல்லா இருந்த பேரலை இப்படிப் பண்ணிட்டோமேன்னு எனக்கு மனசே ஆறல.

உனக்கு சுத்த ஈயமும் வெள்ளீயமும் மட்டும் போதும். அமெரிக்க ராணுவம் அந்தக் காலத்துல 16க்கு 1 போட்டாங்க, அதாவது 16 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம், பிரிட்டிஷ்காரங்க மார்டினி ஹென்றி ரைஃபிளோட புல்லட்டுக்கு 12க்கு 1. நீ 20க்கு 1ல ஆரம்பி, 10 கிலோ ஈயத்துக்கு அரை கிலோ வெள்ளீயம். தனி வெள்ளீயம் விலை அதிகம், அதனால பாதி ஈயம் பாதி வெள்ளீயம் கலந்த சால்டர் (உலோகத்தை ஒட்டவைக்கற பத்தாசு) கட்டி கிடைச்சா 1 கிலோ வாங்கி 9.5 கிலோ ஈயத்துல போடு, கணக்கு சரியா வந்துடும். பிளம்பர் கடையில இப்ப விக்கறது பெரும்பாலும் ஈயமில்லாத சால்டர், அதுல ஆண்டிமனியோ செம்போ இருக்கும், லேபிளைப் படிச்சுட்டு வாங்கு.

அதுக்கும் முன்னாடி பேரலை அள. துப்பாக்கி காலியா இருக்கான்னு ரெண்டு தடவை பாத்துட்டு, மெத்து ஈயத் துண்டு ஒண்ணை மரக்குச்சியால பேரலுக்குள்ள தள்ளி எடுத்து மைக்ரோமீட்டர்ல பாரு. புத்தகத்துல 0.458 அங்குலம்னு இருக்கும், ட்ராப்டோர்ல 0.460க்கு மேலயும் வரும். அச்சு வாங்கறது அந்த அளவைப் பாத்த பிறகுதான்.

கேள்வி (லீட்ஸ் வாசகி): எங்க மாமனார் வச்சிருந்த 1853 என்ஃபீல்ட் ரைஃபிள், 0.577 அங்குலம், முறையா சர்ட்டிஃபிகேட் எடுத்து கிளப்ல சுடறேன். மினியே புல்லட்டுக்கும் அதே 20க்கு 1 தானா?

பதில்: இல்லம்மா, உங்களுக்கு சுத்த ஈயம் மட்டும்தான், வெள்ளீயம் துளிகூட வேண்டாம். மினியே புல்லட் வாய் வழியா சுலபமா இறங்கணும்னு பேரலைவிடக் கொஞ்சம் சின்னதாவே இருக்கும், அடியில குழி விட்டிருப்பாங்க, வாயு அந்தக் குழியோட மெல்லிசுச் சுவரை விரிச்சாதான் புரியைப் பிடிக்கும். பிரான்ஸ்ல மினியேங்கறவர் அந்தக் குழியில இரும்புக் கிண்ணம் வச்சார், என்ஃபீல்டுக்கு மரத்துல அடைப்பான் வச்சாங்க, அமெரிக்காவுல ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதசாலையில ஜேம்ஸ் பர்ட்டன் அடைப்பானே வேண்டாம், சுவர் மெல்லிசா இருந்தா வாயுவே விரிச்சுடும்னு காட்டினார். இதெல்லாம் ஈயம் மெத்துன்னு இருந்தாதான் நடக்கும். உங்க ஊர்ல கூரைக்குப் போடற ஈயத் தகடு கிட்டத்தட்ட சுத்தம், ஓரத்துல ஒட்டியிருக்கற சால்டரை மட்டும் வெட்டி எறிஞ்சுடுங்க. நகத்தால கீறினா பளிச்சுனு கோடு விழணும், நகம் வழுக்கிட்டுப் போனா அதுல ஏதோ கலந்திருக்கு.

வெள்ளீயம் இல்லாத ஈயம் அச்சுல ஓடிப் படியறது கொஞ்சம் கஷ்டம், அதனால சூடு தூக்கலா வேணும், 400 டிகிரி செல்சியஸும் அதுக்குக் கொஞ்சம் மேலயும். முதல் பத்துப் பதினஞ்சு புல்லட் கிழவியோட கன்னம் மாதிரி சுருங்கித்தான் வரும், அச்சு சூடாகலன்னு அர்த்தம், திரும்ப பானையில போட்டுடுங்க. சூடேறினதும் சுருக்கம் போய் கண்ணாடியா வரும், மேல பனி படிஞ்ச மாதிரி மங்கலா வந்தா சூடு ஓவர். அடி விளிம்பைத் தலைகீழாப் பிடிச்சு வெளிச்சத்துல சுத்திப் பாருங்க, துளி மழுங்கியிருந்தாலும் கழிச்சிடணும். மூக்குல சின்னக் குறை இருந்தா பெருசா ஒண்ணும் ஆகாது, அடியில இருந்தா நேரா போகவே போகாது.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): சார், நீங்க சொல்ற ஈயமும் எங்க வீட்டு ஈயச் சொம்பும் ஒண்ணா? அதுலதானே ரசம் வைக்கறோம்!

பதில்: நல்ல வேளை கேட்டீங்க. நம்ம மொழியில ரெண்டுக்கும் ஈயம்னே பேரு, ஆனா ரசச் சொம்பு வெள்ளீயம், புல்லட் காரீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு நவச்சாரம் போட்டு, புகை மூக்கைத் துளைக்க, துணியால ஒரே இழுப்புல வெள்ளியாக்குவாங்களே, அதுவும் வெள்ளீயம்தான். 232 டிகிரியிலயே உருகிடும், அதான் வெறும் சொம்பை அடுப்புல வச்சா ஒழுகிப் போயிடுது. காரீயம் உருக 327 வேணும். சுத்த வெள்ளீயக் கம்பியை காதுகிட்ட வச்சு வளைச்சா கிறீச்னு ஒரு சத்தம் கேக்கும், காரீயம் சத்தமே போடாது. காரீயம் கலந்த சொம்புல புளி ரசம் வச்சா விஷம் இறங்கும், தெரிஞ்ச கடையில மட்டும் வாங்குங்க. இன்னொண்ணு, நம்ம நாட்டுல ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா செய்யக் கூடாது, தாத்தா துப்பாக்கி பரண்ல இருக்குன்னு வார்க்க உக்காந்துடாதீங்க.

கேள்வி (சான் ஹோசே வாசகர்): டயர் கடையில பழைய வீல் வெயிட் (சக்கரம் ஆடாம இருக்க மாட்டற எடைக்கட்டி) சும்மா குடுக்கறாங்க, பழைய கார் பாட்டரியும் இருக்கு. உருக்கலாமா? வீட்ல ரெண்டு வயசுக் குழந்தை இருக்கு.

பதில்: பாட்டரியைத் தொடவே தொடாதீங்க, உள்ள ஆசிட், தகட்டுல கால்சியம், ஆர்சனிக், ஆண்டிமனி எல்லாம் இருக்கலாம், அந்தக் கசடுல ஈரம் பட்டா விஷவாயு கிளம்பும். வீல் வெயிட்லயும் கலிஃபோர்னியாவுல இப்ப வர்றது பெரும்பாலும் துத்தநாகமும் இரும்பும்தான், ஒரு பிடி துத்தநாகம் கரைஞ்சா பானை மொத்தமும் கஞ்சி மாதிரி திரண்டுடும். பழைய ஈய வெயிட்டே கிடைச்சாலும் ஆண்டிமனி இருக்கு, கருமருந்துக்கு ஒத்து வராது.

குழந்தை இருக்கற வீட்டுக்குள்ள இந்த வேலையே கூடாது. வெளிய காத்தோட்டமான ஷெட்ல, கண்ணாடி, கையுறை, முழுக்கை சட்டை, மூடின ஷூ. உருகின ஈயத்துல ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தாலும் ஆவியா வெடிச்சு பானையே முகத்துல தெறிக்கும், அதனால ஈரமான கட்டியைப் போடாதீங்க, மழைத் தூறல்ல வேலை பண்ணாதீங்க. மேல மிதக்கற ஆடையை வழிச்சு எறியறதுக்கு முன்னாடி ஒரு துண்டு தேன்மெழுகு போட்டுக் கலக்குங்க, குப்புனு பத்திக்கும், தள்ளி நின்னுக்கோங்க, கலக்கினா ஆடையில போன வெள்ளீயம் கொஞ்சம் திரும்ப உள்ள வந்துடும். மிச்சம் நிக்கற சாம்பல் தூள்தான் ரொம்ப ஆபத்து, மூடி போட்ட டப்பாவுல வச்சு அபாயக் கழிவு வாங்கற இடத்துல குடுங்க. முடிச்சதும் பச்சைத் தண்ணியும் சோப்பும் போட்டு கை முகம் கழுவி, அந்தத் துணியைத் தனியாத் துவைச்சு, ஷூவை வாசல்லயே விட்டுட்டு, அப்புறமா குழந்தையைத் தூக்குங்க. வருஷம் ஒரு தடவை ரத்தத்துல ஈய அளவு பாக்கச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க, உங்களுக்கும் குழந்தைக்கும்.