திரி கத்தரியும் தீயணைக்கும் குல்லாயும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபே’யை ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டிருக்கிறேன். புயல் அடிக்கும் இரவு. கேத்தரின் தன் அறையில் இருக்கும் பழைய அலமாரியைக் குடைந்து ஒரு காகிதச் சுருளைக் கண்டெடுக்கிறாள். மெழுகுவர்த்தி மங்கலாக எரிகிறது. எழுத்து நன்றாகத் தெரியட்டும் என்று அதை அவசரமாக ‘ஸ்னஃப்’ செய்கிறாள். அடுத்த வரியிலேயே ‘ஐயோ, அணைந்துவிட்டது’ என்று வருகிறது. அகராதியைப் பார்த்தால் ‘ஸ்னஃப்’ என்றாலே மெழுகுவர்த்தியை அணைப்பது என்று போட்டிருக்கிறது. படிக்க உட்கார்ந்தவள் ஏன் விளக்கை அணைக்க வேண்டும்? தானே அணைத்துவிட்டு ஏன் ஐயோ என்க வேண்டும்?

‘ஸ்னஃபர்’ என்று இணையத்தில் தேடினேன். கடைகளில் நீளக் காம்பு வைத்த பித்தளைக் குல்லாய் வருகிறது. அருங்காட்சியகப் படங்களில் டப்பா ஒட்டிய கத்தரிக்கோல் வருகிறது. இதில் எது அது? மூக்குப்பொடிக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தானே, அதற்கும் இதற்கும் ஏதாவது உறவு உண்டா?

அன்புடன்,
ர., காரைக்குடி

அன்புள்ள ர.,

உங்கள் அகராதி சொல்வதும் சரி, ஆஸ்டின் எழுதியதும் சரி. இரண்டுக்கும் நடுவே அந்தக் கருவிக்கு வேலை போய்விட்டது. பெயர் மட்டும் வேறு ஒன்றின் மேல் போய் ஒட்டிக்கொண்டது.

கேத்தரின் கையில் இருந்தது கத்தரிதான். ‘ஸ்னஃப்’ என்பது முதலில் ஒரு பொருளின் பெயர். எரிந்து கருகி, திரியின் நுனியில் கொண்டை போட்டு நிற்கும் கரிக்குத்தான் ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டிலிருந்து அந்தப் பெயர். அந்தக் கரியை வெட்டி எடுப்பது ‘ஸ்னஃப்’ செய்வது. வெட்டுகிற கத்தரி ‘ஸ்னஃபர்ஸ்’. கத்தரிக்கோலை ஆங்கிலத்தில் பன்மையில் சொல்வது போலவே இதையும் எப்போதும் பன்மையில்தான் சொன்னார்கள். ஆக, அவள் செய்ய நினைத்தது விளக்கைப் பிரகாசமாக்குவது. அவசரத்தில் கை கொஞ்சம் கீழே போய்விட்டது, அவ்வளவுதான்.

அரிக்கேன் விளக்கு இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். சாயங்காலம் சிம்னியைத் துடைத்துவிட்டு, திரியின் கருகிய ஓரத்தைக் கத்தரியால் சீராக வெட்டி, இரண்டு மூலையையும் லேசாகக் கிள்ளிவிடுவார்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் தீ நாக்கு நீண்டு சிம்னி கறுத்துவிடும். ஆனால் அரிக்கேன் விளக்குக்கு இதைப் பொழுது சாய்வதற்குள் ஒரு தடவை செய்தால் போதும். பழைய மெழுகுவர்த்திக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே, திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும்.

காரணம் திரி. அந்தக் காலத்துத் திரி வெறுமனே முறுக்கிய நூல். சுடரின் நடுவில் நெட்டுக்குத்தலாக நிற்கும். சுடரின் நடுப்பகுதிக்குக் காற்று போகாது. அதனால் அங்கே நிற்கும் நூல் கருகுமே தவிர எரிந்து தீராது. சுற்றியுள்ள கொழுப்பு உருகி மட்டம் இறங்க இறங்க, கரிந்த திரி மேலே நீண்டுகொண்டே போகும். புகை கிளம்பும், வெளிச்சம் இறங்கும். கரி உடைந்து விழுந்தால் மெழுகுவர்த்தியின் ஓரம் உருகி ஒரு பக்கமாக வழிந்து வீணாகும். தேன்மெழுகில் செய்தது கொஞ்சம் தேவலை. அது தேவாலயத்துக்கும் பணக்கார வீட்டுக்கும். சாதாரண வீடுகளில் எரிந்தது மாட்டுக் கொழுப்பும் ஆட்டுக் கொழுப்பும். அதன் வாடை வேறு.

வெளிச்சம் எவ்வளவு இறங்கும் என்பதை ரம்ஃபோர்டு பிரபு என்ற விஞ்ஞானி பெஞ்சமின் தாம்ஸன் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அளந்து வைத்திருக்கிறார். அப்போதுதான் திரி கத்தரித்த கொழுப்பு மெழுகுவர்த்தியின் வெளிச்சத்தை 100 என்று வைத்துக்கொண்டார். 11 நிமிடத்தில் அது 39. இன்னும் 8 நிமிடத்தில் 23. 29ஆம் நிமிடத்தில் வெறும் 16. மறுபடி கத்தரித்ததும் பழையபடி 100. அரைமணி நேரம் சும்மா விட்டால் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. எழுதுகிறவர், தைக்கிறவர், சீட்டாடுகிறவர் எல்லாருடைய கைக்கெட்டும் தூரத்திலும் அந்தக் கத்தரி ஏன் கிடந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா? நாடக அரங்குகளில் இதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் இருந்தான். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மேடைக்கு வந்து திரி வெட்டிவிட்டுப் போவான். அரங்கத்திலேயே கடைசிப் படி வேலை அது. ஒரு நடிகனை மட்டம் தட்ட வேண்டுமென்றால் ‘இவன் மெழுகுவர்த்தி கத்தரிக்கத்தான் லாயக்கு’ என்பார்கள்.

நீங்கள் படத்தில் பார்த்த டப்பாவுக்கு வருகிறேன். கத்தரியின் ஒரு அலகின் மேல் பக்கவாட்டில் திறந்த சின்னப் பெட்டி. மற்ற அலகில் ஒரு தட்டையான தகடு. அலகுகள் சேரும்போது வெட்டுப்பட்ட கரியைத் தகடு பெட்டிக்குள் தள்ளி அடைத்துவிடும். கனன்றுகொண்டிருக்கும் கரி மேஜைத் துணியில் விழாது, புகையும் உள்ளேயே அடங்கிவிடும். நுனி ஊசி போல இருப்பது உருகிய கொழுப்பில் சாய்ந்து முங்கிய திரியை நெம்பி நிமிர்த்த. அடியில் குட்டிக் கால்கள் வைத்ததும் உண்டு. தட்டில் படுத்துக் கிடக்காமல் சற்று உயர்ந்து நிற்பதால், இருட்டிலும் விரலை வளையத்துக்குள் விட்டு எடுக்க வசதி. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் எட்டாம் ஹென்றியின் சின்னமும் கார்டினல் பெயின்பிரிட்ஜின் சின்னமும் பொறித்த வெள்ளிக் கத்தரி ஒன்று இருக்கிறது. பெயின்பிரிட்ஜ் கார்டினல் ஆனது 1511இல், இறந்தது 1514இல். அதனால் அதன் வயதில் பெரிய குழப்பம் இல்லை. கரி வெட்டுகிற சாமானுக்கு வெள்ளியும் எனாமலும்! 1776இல் கிறிஸ்டோபர் பின்ச்பெக் என்பவர் புது மாதிரிக் கத்தரிக்குக் காப்புரிமை வாங்கினார். அதைக் கேலிசெய்து லண்டனில் ஒரு கவிதையே அச்சாகி வந்தது.

கேத்தரினுக்கு நேர்ந்தது கதைக்காகச் செய்த ஜோடனை அல்ல. 1763இல் எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல் லண்டனில் ராத்திரி முழுக்க விழித்து எழுதுவது என்று உட்கார்ந்தார். இரண்டு மணி வாக்கில் திரியைக் கத்தரிக்கப் போய் மெழுகுவர்த்தி அணைந்துவிட்டது. கணப்பில் நெருப்பு எப்போதோ செத்திருந்தது. தட்டுத் தடுமாறிச் சமையலறைக்கு இறங்கினால் அங்கும் நெருப்பில்லை, சிக்கிமுக்கிப் பெட்டியும் அகப்படவில்லை. வீட்டுக்காரர் குண்டு போட்ட துப்பாக்கியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர். திருடன் என்று நினைத்துச் சுட்டுவிட்டால்? மனிதர் ஓசைப்படாமல் அறைக்குத் திரும்பி, காவல்காரன் மூன்று மணியைக் கூவிக்கொண்டு வரும்வரை இருட்டில் உட்கார்ந்திருந்து, அவனைக் கதவைத் தட்டச் சொல்லி மறுபடி ஏற்றிக்கொண்டார். தீக்குச்சி இல்லாத காலத்தில் கத்தரி கால் அங்குலம் கீழே போனால் இதுதான் விலை.

அப்புறம் 1820களில் பிரான்சில் காம்பசெரேஸ் என்பவர் திரியைப் பின்னலாகப் பின்னினார். பின்னல் திரி எரியும்போது தானாகவே வளையும். நுனி சுடரின் ஓரத்துக்கு வந்து வெளிக்காற்றைத் தொட்டுச் சாம்பலாகிவிடும். மின்சாரம் போகிற அன்று வீட்டு மெழுகுவர்த்தியை உற்றுப் பாருங்கள்: வளைந்த திரியின் முனை செக்கச்செவேல் என்று சுடருக்கு வெளியே எட்டிப் பார்க்கும். அதே காலத்தில் செவ்ரூல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கொழுப்பிலிருந்து கெட்டியான ஸ்டியரினைப் பிரித்தெடுத்தார். பிறகு பாரஃபின் வந்தது. கத்தரிக்கு வேலையே இல்லாமல் போனது.

அணைக்கிற குல்லாய்க்கு அதுவரை வேறு பெயர் இருந்தது. ‘எக்ஸ்டிங்விஷர்’ என்பார்கள். 1843இல் டிக்கன்ஸ் எழுதிய ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ கதையில், தலையில் ஒளி வீசும் ஆவி தொப்பிக்குப் பதிலாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவது இந்தக் குல்லாயைத்தான். அங்கே அதற்கு அந்தப் பழைய பெயரே இருக்கிறது. சுடரை இரண்டு தட்டுகளுக்கு நடுவே நசுக்கி அணைக்கும் இடுக்கி ஒன்றும் உண்டு, அதற்குப் பெயர் ‘டவுட்டர்’. ஆக மூன்று சாமான், மூன்று பெயர். ‘ஸ்னஃப் அவுட்’ என்று சேர்த்துச் சொன்னால் அணைப்பது என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. கைதவறி அணைத்தவர்கள் அத்தனை பேர் இருந்தால் வராமல் என்ன செய்யும்? கத்தரி கண்ணிலிருந்து மறைந்ததும், அனாதையான பெயர் குல்லாய்க்குப் போயிற்று. பன்மை விகுதியும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. இன்று தேவாலயத்தில் பூசை முடிந்ததும் பீடச் சிறுவன் நீளக் கழியால் மெழுகுவர்த்தியை மூடுகிறானே, அந்தக் கூம்பைத்தான் பலரும் ‘ஸ்னஃபர்’ என்கிறார்கள். தப்பில்லை. கத்தரி புழங்கிய காலத்துப் புத்தகத்தில் அதே பொருளை வைத்தால்தான் தப்பு.

நம் வேதாகம மொழிபெயர்ப்பாளர்கள் இதில் ஏமாறவில்லை. 1611இன் ஆங்கில வேதாகமம் மோசே காலத்து வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தின் விளக்குக்கு ‘ஸ்னஃபர்ஸ்’ என்று போட்டிருக்கும் இடத்தில் தமிழில் ‘கத்தரிகள்’ என்றும், கரி போடும் தட்டுகளுக்குச் ‘சாம்பல் பாத்திரங்கள்’ என்றும் இருக்கும். ஆங்கிலம் ‘மெழுகுவர்த்தித் தண்டு’ என்றதைத் தமிழ் ‘குத்துவிளக்கு’ என்றதும் அழகு. மோசே காலத்தில் மெழுகுவர்த்தி ஏது? ஒலிவ எண்ணெய் விளக்குதானே.

இனி மூக்கு. உங்கள் சந்தேகத்தில் நீங்கள் நினைத்ததைவிட அதிகம் விஷயம் இருக்கிறது. பிரெஞ்சில் இந்தக் கத்தரி ‘மூஷெத்’. திரி கத்தரிப்பதற்கும் மூக்கைச் சிந்துவதற்கும் அங்கே ஒரே வினை. லத்தீன் வேதாகமத்தில் அந்தக் கத்தரியின் பெயரும் மூக்குச் சிந்தும் வினையிலிருந்து வந்ததே. ஜெர்மன்காரர்களும் விளக்குக்கு மூக்குச் சிந்திவிட்டார்கள். அவர்கள் மொழியில் கருகிய திரிக்கு ‘ஷ்னுப்பே’ என்று பெயர். எரிநட்சத்திரத்தை இன்றும் ‘ஷ்டெர்ன்ஷ்னுப்பே’ என்கிறார்கள், அதாவது நட்சத்திரம் கத்தரித்துப் போட்ட கரி. ‘எனக்கு அது ஷ்னுப்பே’ என்றால் எனக்கு ஒரு பொருட்டே இல்லை என்று அர்த்தம்.

ஸ்பானியர்கள் மட்டும் மூக்குப் பக்கம் போகவில்லை. திரியின் கரியை எடுப்பதற்கு அவர்கள் சொல்லும் ‘தெஸ்பாபிலார்’ தூக்கம் தெளிவதற்கும் புத்தி கூர்மையாவதற்கும் ஆகிவந்தது. இது நமக்குப் பக்கத்துச் சொந்தம். அகலில் திரியை முன்னே தள்ளி, கரியைத் தட்டிவிடும் குச்சிதான் தூண்டுகோல். இன்று பரிசளிப்பு விழாவில் ‘என் தூண்டுகோலாக இருந்தவர்’ என்று யாரைச் சொன்னாலும் அந்த எண்ணெய்ப் பிசுக்குக் குச்சி யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

மூக்குப்பொடியின் பெயர் 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. மூக்கால் உறிஞ்சுவது என்று பொருள். கருகிய திரியும் அதுவும் ஒரே வேர் என்று சொற்பிறப்பு அகராதிகள் சத்தியம் செய்வதில்லை. தூரத்துப் பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளலாம்: ஒன்று மூக்குக்குள் இழுப்பது, இன்னொன்று மூக்கிலிருந்து சிந்துவது.

நீங்கள் வாசிக்கும் வரியைத் தமிழில் எழுத வேண்டியிருந்தால் நான் ‘அவசரமாகத் திரியைக் கத்தரித்தாள். ஐயோ! கத்தரித்ததும் அணைந்ததும் ஒன்றாகிவிட்டது’ என்று எழுதுவேன். ஆஸ்டினும் இரண்டு வினைகளைத் தனித்தனியாகத்தான் போட்டிருக்கிறார், பாருங்கள்.

ஒரு பின்குறிப்பு. வாசனை மெழுகுவர்த்தி வந்தபின் கத்தரிக்கு மறுபடி வேலை கிடைத்திருக்கிறது. கண்ணாடிக் குவளையில் வரும் அவற்றின் திரியில் கரிக் கொண்டை கட்டுவதால், கால் அங்குலம் விட்டு வெட்டச் சொல்கிறார்கள். அதற்கு முனை சாய்ந்த ஒரு கத்தரி விற்கிறது, ‘விக் டிரிம்மர்’ என்ற பெயரில்; பழைய பெயரைத்தான் குல்லாய் எடுத்துக்கொண்டதே. வாங்கினால் ஆறிய திரியில், ஏற்றுவதற்கு முன்னால் வெட்டுங்கள். எரியும்போது வெட்டுகிற வித்தைக்குக் கேத்தரினைப் போல ராத்திரிக்கு ராத்திரி பழகிய கை வேண்டும், அவளுக்கே தவறிவிட்டது.