நகையை மறுபடி மறுபடி அடகு வைத்துக் கட்டும் ஃபீஸ்

கேள்வி: கணவர் கட்டாரில் வேலை. மகள் மட்டக்களப்பு டவுனில் ஓர் இன்டர்நேஷனல் ஸ்கூலில் மூன்றாம் தரம் படிக்கிறாள். தவணைக்கு 65,000 ரூபா, வானுக்கு மாதம் 12,000. வீட்டு வேலைக்காக நகையை 2 இலட்சத்துக்கு அடகு வைத்திருந்தோம். பவுன் விலை ஏறியதால் அதே நகைக்கு மேலதிகமாக எடுத்து எடுத்து ஐந்து தவணை ஃபீஸ் கட்டிவிட்டேன். இப்போது 525,000 நிற்கிறது, வட்டி மாதம் ஒன்றரை வீதம். டெக்சாஸில் இருக்கும் மச்சாள், அங்கே தனியார் பள்ளி ஃபீஸ் கட்ட அரசாங்கமே வவுச்சராகக் காசு தருகிறது, இங்கும் வரும், அதுவரை பிள்ளையை மாற்றாதே என்கிறார். ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். மாதம் 10,000 கட்டிய சீட்டு இம்மாதத்தோடு முடிகிறது. அந்தக் காசில் 5,000 ரூபாவுக்குக் கல்விக் காப்புறுதி எடுக்கவா?
— வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, கணக்கெல்லாம் உங்களுக்கே தெளிவாகத் தெரிகிறது. கெடுதல் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: பவுன் விலை ஏறும்போதெல்லாம் அடகுக் கடைக்குப் போய் மேலதிகக் காசு எடுப்பது. கையிலிருந்து எதுவும் போகாததால் அது கடனாகவே தெரிவதில்லை. ஆனால் வட்டி மட்டும் இன்றைக்கு மாதம் 7,875 ரூபா, வருஷத்துக்கு 94,500. அடுத்த வருஷ ஃபீஸையும் இப்படியே எடுத்தால் கடன் முதல் மட்டும் 7 இலட்சத்தைத் தாண்டும். பவுன் விலை இறங்கினால் ஏல நோட்டீஸ் வீட்டுக்கு வரலாம்.

வவுச்சர் விஷயத்துக்கு வருகிறேன். மச்சாள் சொல்வது பொய்யில்லை. டெக்சாஸ் 2025இல் சட்டம் போட்டு 100 கோடி டாலர் ஒதுக்கியது. ஒரு பிள்ளைக்குச் சுமார் 10,000 டாலர் என்றால் ஒரு இலட்சம் பிள்ளைகளுக்குத்தான் போதும். அங்கே அரச பள்ளிகளில் மட்டும் ஏறக்குறைய 55 இலட்சம் பேர் படிக்கிறார்கள். இதைப் பல வருஷம் தடுத்து வைத்தவர்களில் கிராமப்புறப் பிரதிநிதிகள் முக்கியமானவர்கள். அமெரிக்காவின் இன்னொரு மாநிலமான கென்டக்கியில், தனியார் பள்ளிகளுக்கு அரச காசு போகலாமா என்று 2024 நவம்பரில் மக்களிடமே வாக்கெடுத்துக் கேட்டார்கள். நம் மாவட்டம் போன்ற 120 கவுண்டிகளில் ஒன்றுகூட ஆமென்று சொல்லவில்லை. சின்ன ஊர்களில் போவதற்குத் தனியார் பள்ளியே இல்லை, இருக்கிற அரச பள்ளியின் காசு மட்டும் குறையும் என்பது அவர்களுடைய பயம். அது வீண் பயமில்லை. சிலி 1981இல் வவுச்சர் கொண்டுவந்தபோது பத்தில் எட்டுப் பிள்ளைகள் அளவில் அரச பள்ளியில் இருந்தார்கள். பிறகு அது நான்குக்கும் கீழே போய்விட்டது.

நமக்கு வவுச்சர் என்றால் சீருடைக்கும் சப்பாத்துக்கும் கிடைத்ததுதான். 1945இலிருந்து இலவசக் கல்வி இருக்கிற நாடு இது. தனியார் ஃபீஸுக்கு அரசாங்கம் காசு தரும் என்று நம்பி நகையை அடகுக் கடையில் விட்டுவைக்காதீர்கள்.

ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் குறைவதைக் காரணம் சொல்கிறீர்கள். ஆசிரியர்களைக் கொடுப்பது பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான். பத்துப் பேர் விலகினால் ஓர் ஆசிரியர் இடமாற்றத்தில் போவார், அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் விலகுவார்கள். வவுச்சர் எதுவும் இல்லாமலே, கடன் வாங்கி நாமே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறோம். எனக்கு இது மிகவும் கவலையான விஷயம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வான் பிடிக்கவும் வசதியில்லாத பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு எது இருக்கிறது? டவுனில் 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியே இன்று ஃபீஸ் இல்லாத அரச பாடசாலைதான்.

மகளை அடுத்த தை மாதம் மாற்றுங்கள். தமிழில் வாசிக்க எழுதப் பிந்தியிருப்பாள். இந்த வயதில் அதைச் சரிக்கட்டலாம், எட்டாம் தரத்தில் கஷ்டம். அங்கேயே விட்டால் பிறகு இலண்டன் பரீட்சைக் கட்டணம் பவுண்ட் கணக்கில் வரும். ஆங்கிலத்துக்கு ஊரிலேயே 2,500 ரூபாவுக்கு ஒரு வகுப்புப் போதும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு நீங்களும் போங்கள், ஆசிரியர் வெற்றிடத்தை அங்கே எழுப்புங்கள்.

வான் 12,000, சீட்டுக் காசு 10,000, சேர்த்து 22,000. ஆங்கில வகுப்பைக் கழித்தால் 19,500. வட்டியை இப்போது போலவே கட்டிக்கொண்டு இதை மாதாமாதம் கடன் முதலுக்குக் கட்டினால் 27 மாதம் அளவில் நகை வீட்டுக்கு வரும். முதல் குறையக் குறைய வட்டியும் இறங்கும், அந்த மிச்சத்தையும் சேர்த்துப் போட்டால் இன்னும் சீக்கிரம் முடியும்.

காப்புறுதி இப்போது வேண்டாம். வருஷத்துக்கு 18 வீதம் வட்டி கட்டுகிறவருக்கு அதைவிடக் கூடத் தரும் கல்வித் திட்டம் எதுவும் என் கண்ணில் படவில்லை. முகவர் மறுபடி வந்தால், இடையில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பி வரும் என்று எழுத்தில் கேளுங்கள்.

மச்சாளோடு சண்டை வேண்டாம். உதவ விருப்பமென்றால் அடகுக் கடனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது நகைகளைப் பிரித்துத் தனித்தனித் துண்டாகப் போட முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் சின்னதை முதலில் மீட்கலாம். மீட்டதை மறுபடி வைக்காதீர்கள்.