ஆச்சியிடம் கேளுங்கள்: முதல் சொட்டு ஏன் மெதுவாக மறைகிறது?

கேள்வி: ஆச்சிக்கு வணக்கம். எனக்கு ஆத்தங்குடிப் பக்கம் ஒரு கிராமம். காரைக்குடியில் பிளஸ் டூ படிக்கிறேன், தமிழ் மீடியம். கெமிஸ்ட்ரி என்றால் எனக்கு உயிர். எங்கள் பள்ளியில் மாவட்ட அளவில் நடக்கும் ஒரு வேதியியல் போட்டிக்கு நாலு பேர் டீம் எடுத்தார்கள். பிளஸ் ஒன் முழுப்பரீட்சை மார்க்கைப் பார்த்து எடுத்ததால் எனக்கு இடமில்லை. நான் 71. எந்தப் பொருள் எவ்வளவு வினைபுரியும் என்று போடும் மோல் கணக்கில் கோட்டை விட்டேன். ஆனால் லேபில் என் அளவுக்கு யாரும் செய்ய மாட்டார்கள். பெர்மாங்கனேட் டைட்ரேஷனில் (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் அளவைக் கண்டுபிடிக்கும் சோதனை) முதல் சொட்டு நிறம் மறைய மட்டும் ஏன் அவ்வளவு நேரமாகிறது என்று சாரிடம் கேட்டேன். “அதெல்லாம் பரீட்சைக்கு வராது” என்று சொல்லிவிட்டார். வீட்டுக் கொல்லையில் பாத்ரூம் ஆசிடை வைத்து நானே சில சோதனைகள் செய்திருக்கிறேன். ஒலிம்பியாட் என்று மாணவர்களுக்கு ஒரு சர்வதேச வேதியியல் போட்டி இருக்கிறதாமே, அதில் இந்தியா டீமில் சேர என்ன செய்ய வேண்டும்? அப்பா டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கிறார். அம்மா, “முதல்ல பாஸ் பண்ணு, அப்புறம் டீமு கீமு எல்லாம் பார்க்கலாம்” என்கிறார். சாரிடம் எப்படிக் கேட்பது ஆச்சி?
– பெயர் வேண்டாம்

பதில்: தாயி, முதலில் அந்த ஆசிட் பாட்டிலை எடுத்த இடத்தில் வை. மற்றதை அப்புறம் பேசலாம். எதோடு எதைக் கலந்தாய் என்று நீ எழுதவில்லை, அதனால்தான் பயமாக இருக்கிறது. பாத்ரூம் ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும், உயிருக்கே ஆபத்தாகும். லேபில் கைதேர்ந்தவள் என்று சொல்லிக்கொள்கிற பெண் கொல்லையில் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஆசிட் ஊற்றினாள் என்று தெரிந்தால், நானே உன்னை டீமில் எடுக்க மாட்டேன்.

சரி, திட்டு முடிந்தது.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். “கெமிஸ்ட்ரி என்றால் உயிர்” என்று எழுதி எனக்கு வருகிற கடிதங்களில் பாதி, நிறம் மாறுவதன் மேலும் புகை வருவதன் மேலும் உள்ள ஆசைதான். தப்பில்லை, எனக்கும் அங்கேதான் ஆரம்பித்தது. ஆனால் நீ அந்த முதல் சொட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறாய் பார், அந்த வரியில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முப்பது வருடம் கெமிஸ்ட்ரி நடத்தியிருக்கிறேன். அதைக் கேட்ட பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

விஷயம் இதுதான். கூம்புக் குடுவையில் ஆக்ஸாலிக் அமிலம், கூடவே நீர்த்த கந்தக அமிலம், 60–70 டிகிரி சூடு. பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து ஊதா நிறப் பெர்மாங்கனேட் ஒரு சொட்டு விழுகிறது. குலுக்குகிறாய், குலுக்குகிறாய், நிறம் போகவே மாட்டேன் என்கிறது. போன பிறகு அடுத்தடுத்த சொட்டுகள் விழுந்த உடனே காணாமல் போகின்றன. காரணம், இந்த வினை தனக்கு வேண்டிய ஆளைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பெர்மாங்கனேட் எலக்ட்ரான் வாங்கி ஒடுக்கமடைந்ததும் மாங்கனீசு அயனி கிடைக்கிறது. அதுவே இந்த வினையை வேகப்படுத்தும் வினைவேக மாற்றி. தொடக்கத்தில் குடுவையில் அது இல்லை, அதனால் மந்தம். கொஞ்சம் சேர்ந்துவிட்டால் பிறகு வேகம்தான். தன் வினைவேக மாற்றம் என்பார்கள். நான் சொன்னேன் என்று நம்பாதே. அடுத்த லேப் நாளில் சாரிடம் அனுமதி கேட்டு, ஒரு குடுவையில் மட்டும் முன்கூட்டியே ஒரு சிட்டிகை மாங்கனீசு சல்பேட் போட்டுவிட்டு டைட்ரேட் செய்து பார். முதல் சொட்டு எத்தனை வினாடியில் மறைகிறது என்று இரண்டு குடுவைக்கும் குறித்து வை. அந்தத் தாள் உனக்குத் தேவைப்படும், எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

இன்னொரு கேள்வியும் தருகிறேன். கந்தக அமிலத்துக்குப் பதிலாக ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் என்ன கெடும்? பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்ஸிஜனேற்றி குளோரினாக்கும். பியூரெட் அளவு கூடிவிடும், உன் கணக்கு மொத்தமும் தப்பாகும். விடையை நானே சொல்லிவிட்டேன், எவ்வளவு கூடும் என்பதை நீ யோசி.

இனி ஒலிம்பியாட். “டீமில் சேர” என்று எழுதியிருக்கிறாய். அதில் சேர்வது என்று ஒன்று கிடையாது, படிப்படியாக வடிகட்டுவார்கள். முதல் படி என்.எஸ்.இ.சி. என்ற தேசியத் தேர்வு, நவம்பரில் நடக்கும். இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம்தான் இந்தத் தேர்வுகளை நடத்துகிறது (கெமிஸ்ட்ரிக்கு எதற்கு இயற்பியல்காரர்கள் என்று கேட்காதே, நல்லவர்கள்). அதில் மேலே வருகிறவர்களுக்கு மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் அடுத்த தேர்வு வைக்கும். அதிலும் தேறினால் மும்பையில் முகாம், அங்கே தியரியும் லேபும். கடைசியில் நாடு முழுவதற்கும் நாலே பேர். உங்கள் பள்ளி டீமுக்கும் நாலு, இந்தியாவுக்கும் நாலு!

சர்வதேசப் போட்டி 1968-இல் பிராகில் மூன்றே நாடுகளோடு தொடங்கியது: செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரி, போலந்து. இந்தியா 1999-இலிருந்து போகிறது; 2001-இல் மும்பையிலேயே நடத்தினோம். ஐந்து மணி நேரம் தியரி, ஐந்து மணி நேரம் லேப். மொத்த மதிப்பெண்ணில் 40 சதவீதம் லேபுக்கு என்பது உனக்கு இனிக்கும். ஆனால் லேபைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு எழுத்துத் தேர்வுகளைத் தாண்ட வேண்டும். அங்கே மோல் கணக்கு தெரியாமல் ஒரு பக்கம் நகராது.

பூசி மெழுகாமல் சொல்கிறேன். நீ பிளஸ் டூ. உனக்கு இருப்பது ஒரே ஒரு நவம்பர். போட்டியிடப் போகிற பிள்ளைகளில் பலர் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே இதற்குத் தயாராகிறவர்கள். இந்த நாலு மாதத்தில் நீ இந்தியா டீமுக்குப் போய்விடுவாய் என்று நான் எழுதினால் அது பொய். ஆனாலும் எழுது. பள்ளி டீமில் இருந்தால்தான் எழுதலாம் என்று எந்த விதியும் இல்லை. ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் பதிவு நடக்கும். வயது வரம்பு, கட்டணம், மையம் எல்லாம் அந்த வருட அறிவிப்பிலேயே இருக்கும், அதைப் பார்த்துக்கொள். பழைய வினாத்தாள்கள் ஹோமி பாபா மையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பணம் கட்டி எந்தக் கோச்சிங்கிலும் சேராதே, அப்பா காசு அதற்கில்லை.

மோல் கணக்கில் உனக்கு என்ன தகராறு என்று யூகிக்கிறேன். வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்து எண்ணைப் போடுகிறாய். உனக்குப் பிடித்த அதே டைட்ரேஷனிலிருந்து தொடங்கு. இரண்டு பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து ஆக்ஸாலிக் அமிலம் என்று புத்தகத்தில் இருக்கிறது. எங்கிருந்து வந்தது 2-ம் 5-ம்? ஒரு மாங்கனீசு +7-இலிருந்து +2-க்கு இறங்குகிறது, ஐந்து எலக்ட்ரான் வாங்குகிறது. ஒரு ஆக்ஸலேட் இரண்டு எலக்ட்ரான் கொடுக்கிறது. வாங்கியதும் கொடுத்ததும் சமமாக வேண்டுமென்றால் 2-க்கு 5. மொய் நோட்டு மாதிரிதான், வரவும் பற்றும் சரியாக வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து கணக்கு போதும். போடுவதற்கு முன்னால் விடை சுமார் எவ்வளவு வரும் என்று ஓரத்தில் எழுதிவிட்டுப் போடு.

ஆங்கிலத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனால் தயங்குவாய் என்று தெரியும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தி போடு. சமநிலைக்கு எதிரே ஈக்விலிப்ரியம், ஒடுக்கத்துக்கு எதிரே ரிடக்ஷன், வினைவேக மாற்றிக்கு எதிரே கேட்டலிஸ்ட். முந்நூறு சொல் சேர்ந்தால் வினாத்தாள் புரிய ஆரம்பித்துவிடும்.

இப்போது உங்கள் சார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் நானும் அப்படித்தான் டீம் எடுத்தேன். மார்க் பட்டியலை வைத்து எடுத்தால் எந்தப் பெற்றோரும் வந்து சண்டை போட முடியாது, அதுதான் சௌகரியம். ஒரு முறை 95-க்கு மேல் வாங்கிய நாலு பேரைக் கூட்டிப்போனேன். மேடையில் ஒரு உப்பைக் காட்டி எந்தச் சோதனையை முதலில் செய்வாய் என்று கேட்டார்கள். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். புத்தகத்தில் சோதனைகள் வரிசையாக இருக்கும். முன்னால் ஒரு நீல உப்பு இருந்தால் அந்த வரிசையை விட்டுவிட்டுத் தாமிரத்தை முதலில் பார்க்கலாம் என்பது லேபில் நின்று கை கறைபட்டவர்களுக்குத்தான் உடனே தோன்றும். திரும்பி வரும் பஸ்ஸில் நான் யாரோடும் பேசவில்லை.

ஆக, “என்னை ஏன் சார் சேர்க்கவில்லை?” என்று கேட்காதே. அதற்கு அவரிடம் மார்க் பட்டியல் பதிலாக இருக்கிறது. ஸ்டாஃப் ரூமில் நாலு ஆசிரியர் முன்னால் போய் நிற்காதே. பிராக்டிகல் முடிந்து எல்லோரும் ஓடிய பிறகு, பியூரெட்களைக் கழுவி ஸ்டாண்டில் தலைகீழாக மாட்டிக்கொடு. அப்போது அந்த இரண்டு குடுவைத் தாளைக் காட்டு. “சார், முதல் சொட்டைப் பற்றி அன்றைக்குக் கேட்டேனே, செய்து பார்த்தேன். டீமுக்குப் பயிற்சி கொடுக்கும்போது நானும் வந்து பின்னால் உட்காரலாமா?” இவ்வளவுதான். இடம் கேட்காதே, உட்காரக் கேள். எந்த டீமிலும் ஒருத்தருக்குக் காய்ச்சல் வரும், ஒருத்தருக்குச் சித்தப்பா கல்யாணம் வரும். அன்றைக்குச் சார் திரும்பிப் பார்க்கும்போது நீ அங்கே இருக்க வேண்டும். வேண்டாம் என்றே சொல்லிவிட்டால்? நவம்பர் தேர்வு அவர் கையில் இல்லை.

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டாம் கட்டத் தேர்வு வருகிற ஜனவரி, பிப்ரவரிக்குப் பின்னாலேயே உனக்குப் பிராக்டிகல், அடுத்து பொதுத்தேர்வு. ஆனால் நவம்பர் தேர்வுக்கான பாடம் ஏறக்குறைய உன் பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடம்தான். மோல் கணக்கைச் சரிசெய்வது இரண்டுக்கும் உதவும் என்று அம்மாவிடம் சொல். அடுத்த பரீட்சையில் 71 என்பது 85 ஆனால் நீ ஒன்றும் சொல்லவே வேண்டாம்.

கொல்லையில் சோதனை செய்துதான் ஆக வேண்டும் என்றால், ஆசிட் இல்லாமல் ஒன்று தருகிறேன். அதுவும் உன் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. அப்பா பட்டறையில் கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலர் கலவையை ஊற்றி, அதன் மேல் சிமெண்ட் தூவி, அழுத்தி எடுத்த கல்லை நாள் கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் போடுகிறார்களே, எதற்கு? சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அப்போது கால்சியம் ஹைட்ராக்சைடும் உண்டாகி, கொஞ்சம் தொட்டித் தண்ணீரில் இறங்குகிறது. வெள்ளைத் தாளில் மஞ்சளைக் குழைத்துத் தடவிக் காயவைத்து, அந்தத் தண்ணீரில் நனைத்துப் பார். ஆரத்தித் தட்டின் நிறம் வரும். ஆரத்தியில் மஞ்சளோடு சுண்ணாம்பு செய்கிற அதே வேலைதான்.

அதே தண்ணீரைத் தெளிய வைத்து ஒரு டம்ளரில் மூடாமல் விடு, இன்னொன்றில் ஊற்றி மூடி வை. மூடாததன் மேலே மெல்லிய வெள்ளை ஏடு படியும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வந்து கால்சியம் கார்பனேட் ஆக்குகிறது. நம் ஊர்ப் பெரிய வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் கல்லாக இறுகியதும் இதே வினையால்தான். அப்பா கை வெடித்திருக்கிறதா என்று பார். சிமெண்டின் காரத்தன்மை தோலை அரிக்கும். கையுறை போடச் சொல். நீயும் அந்தத் தண்ணீரைத் தொட்டால் உடனே கை கழுவு.

இன்னொன்று. நீ படிக்கிற காரைக்குடியிலேயே சிக்ரி இருக்கிறது, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்தது. பலருக்கு அது ஒரு பஸ் ஸ்டாப் பெயர். செப்டம்பர் 26, சிக்ரியின் தலைமை அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாள், அதையொட்டி ஆய்வகங்களைப் பார்க்கப் பொதுமக்களை உள்ளே விடுவது வழக்கம். போ. பேட்டரி, துருப்பிடித்தல், மின்முலாம் எல்லாம் அங்கே வேலையாகவே நடக்கிறது. யாராவது விளக்கிச் சொன்னால் கடைசியில் ஒரு “ஏன்” கேள். அது உனக்கு வரும்.

டம்ளரில் ஏடு படிய எத்தனை மணி நேரம் ஆனது, மூடி வைத்த டம்ளரிலும் படிந்ததா என்று எனக்கு எழுது. ஆசிட் பாட்டிலை அம்மாவிடம் கொடுத்துவிட்டாயா என்பதையும் சேர்த்து.