அப்போஸ்தலர்களில் யாருடைய வாழ்க்கை உங்களுக்குச் சீஷத்துவத்தை, அதாவது இயேசுவைப் பின்பற்றி வாழ்வதை, கற்றுக்கொடுத்தது?

பேதுரு, பவுல் என்று நிறையப் பேர் எழுதுவார்கள். எனக்கு இயேசுவின் பன்னிரண்டு சீஷர்களில் ஒருவரான அந்திரேயா. பேதுருவின் அண்ணனா தம்பியா என்றுகூட வேதத்தில் இல்லை. தமிழ் வேதாகமம் 'சகோதரன்' என்று சொல்லி நழுவிவிடுகிறது.

முதலில் யோவான் ஸ்நானகனின் சீஷனாக இருந்தவர். இயேசுவோடு ஒரு நாள் தங்கிவிட்டு வந்ததும் சீமோனை, அதாவது பேதுருவை, தேடிப் பிடித்து, "மேசியாவைக் கண்டோம்" என்று கூட்டிக்கொண்டு போனார். பின்னால் வந்தவர் பெரிய ஆளாகிவிட்டார். இறந்த சிறுமியை எழுப்பப் போன யவீரு வீட்டுக்குள்ளும், தோற்றம் ஒளியாக மாறிய மறுரூப மலைக்கும், கைதாவதற்குமுன் ஜெபித்த கெத்செமனே தோட்டத்தின் உள்பக்கத்துக்கும் இயேசு அழைத்துப்போனது பேதுரு, யாக்கோபு, யோவான் மூன்று பேரைத்தான். கூட்டிவந்தவர் வெளியே நின்றார். அதற்காக அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதாக ஒரு வரியும் இல்லை. பிரசங்கங்களில் இதைத் தாழ்மை என்பார்கள். சரிதான்.

என்னைப் பிடித்து உலுக்கியது யோவான் சுவிசேஷத்தின் 6-ஆம் அதிகாரம். அத்தனை கூட்டத்துக்கு எங்கே அப்பம் வாங்குவது என்று இயேசு கேட்கிறார். பிலிப்பு கணக்குப் போடுகிறார்: இருநூறு பணத்துக்கு வாங்கினாலும் ஆளுக்குக் கொஞ்சம்கூடத் தேறாது. அன்றைக்கு ஒரு பணம் என்பது ஒரு நாள் கூலி. எங்கள் ஊரில் நூறு நாள் வேலைக்குப் போனவர்களுக்கு அது இரண்டு வருஷக் கூலியாக இருந்திருக்கும்! அப்போதுதான் அந்திரேயா வாய் திறக்கிறார். இங்கே ஒரு பையன் இருக்கிறான், ஐந்து வாற்கோதுமை அப்பமும் இரண்டு மீனும் வைத்திருக்கிறான், "ஆனாலும் அவைகள் இவ்வளவு ஜனங்களுக்கு எம்மாத்திரம்" என்கிறார். அதை வைத்துத்தான் இயேசு ஐயாயிரம் பேருக்குப் பசியாற்றினார்.

வாற்கோதுமை அங்கே ஏழைகளின் தானியம். பென்னாகரம் பக்கம் எங்களுக்குக் கேழ்வரகு மாதிரி. மீனுக்கு யோவான் எழுதிய கிரேக்கச் சொல் 'ஒப்சாரியோன்', அப்பத்துக்குத் தொட்டுக்கொள்ளும் சின்ன மீன். ஆக, அந்தப் பையன் கையில் இருந்தது எங்கள் பாஷையில் களியும் கருவாடும்.

அந்த 'எம்மாத்திரம்' என் வாயிலும் வந்திருக்கிறது. சபையில் அறுப்பின் பண்டிகை. காணிக்கைப் பொருள்களை நோட்டில் எழுதி ஏலத்துக்கு அடுக்குவது என் வேலை. பூசணி, வாழைத்தார், சேவல், மூட்டை மூட்டையாக நெல் என்று வந்துகொண்டிருந்தது. ஒரு ஆயா முந்தானையில் முடிந்து அரைப்படி கேழ்வரகு கொண்டுவந்தார். முடிச்சை அவிழ்க்கவே நேரமாயிற்று. பின்னால் வரிசை.

"ஆயா, இதுக்கெல்லாம் எதுக்கு நோட்டு? வீட்டுக்கு எடுத்துட்டுப் போ, கூழாவது காய்ச்சலாம்."

"எழுது கண்ணு. உனக்கா குடுக்கறேன்?"

எழுதினேன். காது சுட்டது.

பிறகு பலமுறை அந்த அதிகாரத்தைப் படித்தேன். ஐந்து அப்பம் போதும் என்ற விசுவாசம் அந்திரேயாவுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. நான் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். ஆனால் பையனை அனுப்பிவிட்டுச் சொல்லவில்லை, இயேசுவிடம் காட்டிக்கொண்டே சொன்னார். சந்தேகத்தோடேயே கொண்டுவந்து சேர்க்கலாம், போதுமா போதாதா என்பது கொண்டுவருகிறவன் பார்க்க வேண்டிய கணக்கு இல்லை. சீஷத்துவம் என்றால் எனக்கு இவ்வளவுதான் பிடிபட்டிருக்கிறது. யோவான் 12-இல் கிரேக்கர்கள் பிலிப்பிடம் வந்து இயேசுவைப் பார்க்க வேண்டும் என்றபோதும் பிலிப்பு நேரே இயேசுவிடம் போகவில்லை. அந்திரேயாவிடம் வந்து சொல்கிறார், இரண்டு பேருமாகப் போகிறார்கள். யாரைக் கொண்டுபோனாலும் இவர் தட்டமாட்டார் என்று கூட இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

(அவரை எக்ஸ் வடிவச் சிலுவையில் அறைந்தார்கள் என்பது பாரம்பரியக் கதை. வேதத்தில் இல்லாததால் அதற்குள் போகவில்லை.)

அந்த அரைப்படியை ஏலத்தில் நானே எடுத்தேன். போட்டிக்கு ஆள் இல்லை. கிண்டிய களி எங்கள் வீட்டுக்கு இரண்டு வேளைக்கு வந்தது, ஐயாயிரம் பேருக்கெல்லாம் இல்லை. நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கைப்பிடி அவரைக்கொட்டை வந்தாலும் முதலில் பெயரைக் கேட்டு எழுதிவிடுகிறேன். 'எம்மாத்திரம்' அதற்கு அப்புறம்தான் மனசுக்குள் வருகிறது.