சாப்பிட்ட கையோடு பந்து விளையாட்டு வேண்டாம்

உங்கள் ஜெர்மன் ஷெப்பர்ட் ஒரே நிமிடத்தில் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுப் பந்துக்குப் பாய்கிறது, இரண்டு முறை வாந்தியும் எடுத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு வாந்தியைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய இனங்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி, சில சமயம் முறுக்கிக்கொள்ளும். அவசரமாக விழுங்குவது அந்த ஆபத்தைக் கூட்டும். வயிறு மேளம்போல இறுகி, எச்சில் ஒழுக, ஓங்கரித்தும் எதுவும் வெளியே வராமல் நாய் நிலைகொள்ளாமல் தவித்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சில மணி நேரத்தில் உயிரே போய்விடலாம்.

ஒரே வேளையாகப் போடும் உணவை இரண்டு மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். நான் அகலமான தட்டில் பரப்பி வைக்கிறேன். என் நாய் மூக்கால் தள்ளித் தள்ளி, ஓரமெல்லாம் நக்கி முடிக்கப் பத்து நிமிடம் ஆகிறது. பிறகு ஒரு மணி நேரமாவது படுத்திருக்கட்டும்.

பந்தையும் பாருங்கள். கடைவாய்ப் பற்களைத் தாண்டி உள்ளே நழுவும் அளவுக்குச் சிறியது என்றால் இன்றே எடுத்துவிடுங்கள், தொண்டையை அடைத்துக்கொள்ளும். வாந்தி தொடர்ந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.