ஏடிஎச்டி மாத்திரை சாப்பிட ஆரம்பித்தால் ஆளே மாறிப்போய்விடுவோமா?

கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த முடியாத ஏடிஎச்டி என்ற குறைபாட்டுக்கு மெத்தில்ஃபெனிடேட் என்ற மாத்திரையை எழுதிக்கொடுத்திருக்கிறார்கள், சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பயந்துகொண்டிருக்கிறேன், ஆளே மாறிவிடுவேனா, அடிமையாகிவிடுவேனா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே மருந்தை நான் மூன்று வருடமாகச் சாப்பிடுகிறேன். எனக்கு ஏடிஎச்டி என்று தெரிந்ததே 36 வயதில்தான்.

முதல் நாள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பெரிதாக ஏதோ நடக்கப்போகிறது என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, ஐந்து மாதமாக மேஜையில் கிடந்த காப்பீட்டுப் படிவத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தேன். பாதியில் பேனா எழுதவில்லை. எழுந்து போய் வேறு பேனா எடுத்துவந்து, விட்ட வரியிலிருந்தே தொடர்ந்தேன். மற்ற நாளாக இருந்தால் பேனா தேடப் போனவன் அலமாரியைக் கலைத்துப்போட்டு உட்கார்ந்திருப்பேன், படிவம் அப்படியே கிடக்கும். அதை உறையில் போட்டு ஒட்டும்போது கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் சோம்பேறி என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேனே!

மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருள்களான டோபமைன், நார்அட்ரினலின் இரண்டையும் நரம்பு செல்கள் உடனே திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் இந்த மருந்து தடுக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. நேற்று வந்த மருந்தும் இல்லை, 1944-லேயே உருவாக்கிவிட்டார்கள்.

ஆனால் உங்கள் பயத்தில் ஓர் உண்மை இருக்கிறது. இரண்டாவது மாதம் அளவைக் கூட்டியபோது நான் மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டேன். வேலையெல்லாம் நடந்தது. ஆனால் என் மகள் பள்ளியில் நடந்ததை விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே சொல்ல, நான் வெறுமனே தலையாட்டியிருக்கிறேன். மனைவிதான் கவனித்துச் சொன்னாள். மருத்துவரிடம் போனதும், அளவு அதிகம் என்பதற்கு இதுவே அடையாளம் என்று சொல்லிக் குறைத்தார். ஒரு வாரத்தில் சரியானது. அதனால் ஆள் மாறின மாதிரி தெரிந்தால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள், போய்ச் சொல்லுங்கள். நமக்கே தெரியாமல் போகலாம், வீட்டில் ஒருவரைக் கவனிக்கச் சொல்லிவையுங்கள்.

மற்றபடி பசி குறையும், காலையில் சாப்பிட்டுவிட்டே போட்டுக்கொள்வேன். தாமதமாகப் போட்டால் தூக்கம் போகும். சாதாரண மாத்திரையின் வேகம் நான்கு மணி நேரத்துக்குள் இறங்கிவிடும், அந்த நேரத்தில் எனக்கு எரிச்சல் வரும். நீண்ட நேரம் வேலை செய்யும் வகைக்கு மாற்றிய பிறகு அது குறைந்தது. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் ஏறலாம், அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடிமையாவது பற்றி: தவறாகப் பயன்படுத்தினால் அந்த ஆபத்து நிஜம், அதனால்தான் பல நாடுகளில் கடுமையான கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். சொன்ன அளவில், சொன்ன நேரத்தில், மருத்துவர் கண்காணிப்பில் எடுத்துக்கொள்ளும்போது அந்த ஆபத்து மிகக் குறைவு. நீங்களாகக் கூட்டாதீர்கள், பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று நண்பர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். உங்களுக்கோ குடும்பத்திலோ இதய நோய் இருந்தால், முன்பு போதைப் பழக்கம் இருந்திருந்தால், முதல் மாத்திரைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.